ஊட்டியில் குடியேறலாமா? முதலில் வீட்டைப் பாருங்கள்

ஊருக்கு ஐந்தில் நாலு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். தப்பான வீட்டில் குடிபோய்விட்டால் அதே ஊருக்கு ஒன்றுகூடத் தேறாது. சமவெளியில் ஏரியாவைப் பார்த்து வீடு பிடிக்கிறோம். இங்கே சரிவைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். வாடகை, பஸ் வசதி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊரின் அளவு வசதியான அளவு. 2011 கணக்கெடுப்பில் 88,430 பேர். நீலகிரி மாவட்டத் தலைநகர் என்பதால் கலெக்டர் ஆபீஸ், கோர்ட், ஆர்.டி.ஓ., அரசுக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று எல்லாம் உண்டு. சேரிங்கிராஸில் இறங்கிக் கமர்ஷியல் ரோடு வழியாக மார்க்கெட் வரை நடந்தால், பாங்க், மருந்து, மளிகை, செருப்புத் தையல் வரை போகிற வழியிலேயே முடிந்துவிடும். கோயம்புத்தூரில் அரை நாள் பிடிக்கிற வேலைகள் இங்கே ஒரு மணி நேரம். சீசன் இல்லாத மாதங்களில் மட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிரைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் குளிரைச் சமாளிப்பது எளிது. ஸ்வெட்டர், கம்பளி, ஒரு தொப்பி, முடிந்தது. ஆளை உட்காரவைப்பது ஈரம். ஜனவரியில் ராத்திரி உறைபனி விழுந்தாலும் பகலில் பளிச்சென்று வெயில் அடித்து 20 டிகிரி வரை ஏறும். ஜூலையில் அப்படியில்லை. பகலிலேயே 16, 17 டிகிரிதான், அதோடு விடாத தூறல், காற்று, மேகமூட்டம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும். ஜீன்ஸ் என்றால் அதற்கும் மேல். அலமாரியில் தோல் பெல்ட்டிலும் ஷூவிலும் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும். உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். அதனால் வீடு பார்க்க மே மாதம் வராதீர்கள். மே மாதத்தில் எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் நல்ல மழை நாளில் போய்ப் பாருங்கள்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. முதலில் வெயில். ஊட்டியில் பெரும்பாலான நாட்கள் காலையில் வானம் திறந்திருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் ஏறிவிடும். ஆகவே காலை வெயில்தான் கிடைக்கிற வெயில். கிழக்கோ தென்கிழக்கோ பார்த்த சரிவில் இருக்கும் வீடு, சுவரையும் மெத்தையையும் தினமும் கொஞ்சம் காயவைத்துக்கொள்ளும். மேற்கு பார்த்த வீட்டுக்கு வெயில் திரும்புகிற நேரத்தில் மேகம் வந்து நிற்கும். வடக்குச் சரிவு இன்னும் மோசம். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், பின்னால் மேடோ கற்பூர (யூகலிப்டஸ்) மரக்கூட்டமோ இருந்தால் காலை பத்து மணிக்கும் முற்றம் நிழலிலேயே கிடக்கும். போனில் திசைகாட்டியைத் திறந்து பாருங்கள். ஓனர் சொல்லும் திசையை நம்ப வேண்டாம். பெரும்பாலும் வாசல் எந்தப் பக்கம் என்று சொல்வார், ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டார்.

இரண்டாவது, பின்சுவர். இங்கே பாதி வீடுகள் மண்மேட்டை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் நிற்கின்றன. வெட்டிய மேட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவாவது இடைவெளியும், அதில் தண்ணீர் ஓட வாய்க்காலும் இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் மேட்டோடு ஒட்டிக் கட்டியிருந்தால், மலையில் இறங்குகிற தண்ணீர் சுவர் வழியாகத்தான் வெளியே வரும். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் உஷார். பின்னறையில் கட்டிலையும் பீரோவையும் ஒரு சாண் நகர்த்தச் சொல்லி, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருப்பது வேறு, பிசுபிசுப்பது வேறு. மூலையில் கரும்புள்ளிகளோ, பெயின்ட் கொப்புளித்து உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதோ தெரிந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் அது திரும்பி வரும்.

மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா, மழை நாளில் அவற்றில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கவும். வந்தால் நல்லது. துளை அடைத்துக்கொண்டு சுவர் வயிறு தள்ளி நின்றால் பின்னால் தண்ணீர் தேங்கி அழுத்துகிறது என்று அர்த்தம். மண்சரிவு தொடங்குவது இப்படித்தான். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் நாற்பதுக்கு மேற்பட்டோர் செத்தது மண்சரிவில். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குத் தென்மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலையில் மண்வெட்டும் இயந்திரம் கொண்டுவரவும் ஆழ்துளைக் கிணறு போடவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி கேட்கிறார்கள் என்றால் காரணம் இருக்கிறது. வீட்டுக்கு மேலே யாராவது புதிதாக மேட்டை வெட்டிக்கொண்டிருந்தால் அந்தச் சரிவிலேயே வீடு பார்க்காதீர்கள்.

மூன்றாவது, கூரை. வெறும் கான்கிரீட் தளம் இந்த மழைக்குச் சரிவராது, எங்கேயாவது ஓதம் இறங்கும். தளத்துக்கு மேலே சாய்வாகத் தகரம் போட்ட வீடுகளைத் தேடுங்கள். அந்த மொட்டைமாடியில்தான் மழைக்காலத்தில் துணி காயும். பழைய ஓட்டு வீடு அழகு, மரச்சட்டம் சுகம். ஆனால் ஓட்டுக்குக் கீழே சீலிங் இல்லையென்றால் ராத்திரி சூடெல்லாம் அந்த வழியே போய்விடும். ஆகஸ்ட் காற்றில் ஓடு நகர்ந்தால் ஏறிச் சரிசெய்ய ஆள் கிடைப்பதும் லேசில்லை.

உறைபனியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரியில் சரிந்து பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்கா புல்வெளி போன்ற தாழ்வான இடங்கள் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெள்ளையாகக் கிடக்கின்றன. சரிவில் ஐம்பதடி மேலே இருக்கும் வீட்டில் அதே ராத்திரி இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும். பள்ளத்தில் வீடு அமைந்தால் காலையில் குழாயைத் திறக்கும்போதே தெரியும். செடி வளர்ப்பவர்கள் தொட்டிகளைச் சாக்கு போட்டு மூட வேண்டியிருக்கும்.

மேலே வீடு என்றால் படி. இதைச் சிலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். ரோட்டிலிருந்து எத்தனை படி என்று எண்ணுங்கள். நாற்பதுக்கு மேல் போனால் காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பீரோ எல்லாவற்றுக்கும் தனியாகச் சுமைக்கூலி கொடுக்கத் தயாராகுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் படி வீடு வேண்டவே வேண்டாம். அவர்கள் வெளியே வருவதே நின்றுபோகும். லவ்டேல் பக்கமும் பிங்கர்போஸ்ட் பக்கமும் ரோட்டோரத்தில் வண்டி நிறுத்த இடத்தோடு சில வீடுகள் கிடைக்கும். எல்க்ஹில் சரிவில் காட்சி பிரமாதம், வண்டி கீழேதான்.

வாடகை ஒப்பந்தத்தில் ஒரு சங்கதி. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் ஓனருக்கு ஒரு வாரத்திலேயே உங்கள் மாத வாடகை வந்துவிடும். அதனால் ஏப்ரல், மேயில் காலி செய்யச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. பதினொரு மாத ஒப்பந்தத்தின் கடைசி மாதம் எதில் முடிகிறது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு: மலைப்பகுதிக் கட்டட விதிகள் 1993-இல் வந்தவை, உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போக முடியாது. மாடி மேல் மாடி கனவெல்லாம் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தண்ணீருக்கு வருவோம். மழை கொட்டுகிற ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்று கேட்டால், ஆமாம், கோடையில் இருக்கிறது. நகராட்சிக்குப் பெரும்பங்கு பார்சன்ஸ்வேலியிலிருந்து வருகிறது, மார்லிமந்து, தொட்டபெட்டா அணைகளிலிருந்தும் கொஞ்சம். பம்ப் செய்து மேடேற்ற வேண்டியதால் கரன்ட் போனால் தண்ணீரும் போகும். எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். ஓனரிடம் கேட்பதைவிடக் கீழ் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நாலு பேர் குடும்பத்துக்கு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று போதாது, இரண்டாக இருப்பது நிம்மதி.

கீசர் விஷயத்தில் சமவெளி அனுபவம் உதவாது. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பன்னிரண்டு டிகிரிக்குப் பக்கத்தில் வரும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர், 3 கிலோவாட் போட்டாலும், நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடினால் சூடு ஏறுவது பதினாலு டிகிரிதான். அதாவது 26 டிகிரித் தண்ணீர். பாத்திரம் கழுவலாம், குளிக்க முடியாது. 15 லிட்டர், 2 கிலோவாட் கீசர் அதே தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடம் எடுக்கும், முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். பச்சைத் தண்ணீர் கலந்தால் ஒரு பெரிய வாளியும் மேலே ஒரு சொம்பும் தேறும், ஓர் ஆளுக்குச் சரி. மூன்று பேர் அடுத்தடுத்துக் குளித்து ஸ்கூலுக்கும் ஆபீசுக்கும் ஓட வேண்டிய வீட்டுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் வாங்குங்கள். சோலார் ஜனவரியில் நன்றாகச் சுடும், சுடுதண்ணீர் அதிகம் தேவைப்படும் ஜூலையில் கைவிரிக்கும். பழைய வீடுகளில் வயரிங் மெலிசு. கீசரும் ரூம் ஹீட்டரும் ஒரே நேரத்தில் ஓடினால் பிளக் உருகும். எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கீசருக்குத் தனி லைன் இழுத்துக்கொள்வது முதல் வாரத்து வேலை.

ஹீட்டரைவிட மலிவு என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிருக்கே உலை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது. இப்படிச் செத்த செய்தி மலைப்பகுதிகளிலிருந்து பலமுறை வந்திருக்கிறது. கணப்பு போட்டால் புகைபோக்கி திறந்திருக்க வேண்டும், ஜன்னல் ஒரு விரற்கடையாவது திறந்திருக்க வேண்டும், படுக்கப் போகும்முன் தணல் வெளியே போக வேண்டும்.

இனி அடுப்படி. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்பு மட்டும் வேகாது. குண்டானில் சோறு வடிப்பவர்கள் இங்கே குக்கருக்கு மாறிவிடுகிறார்கள். குக்கருக்குள்ளும் கீழே 121 டிகிரி என்றால் இங்கே 117-தான். அதனால் சோற்றுக்கு ஒரு விசில், துவரம்பருப்புக்கு இரண்டு விசில் கூட வையுங்கள். கொண்டைக்கடலை, ராஜ்மா எல்லாம் ராத்திரி முழுக்க ஊறியே ஆக வேண்டும், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீரில். டீத்தூளையும் கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால்தான் நிறம் இறங்கும். ஆக, சமவெளியில் ஓடியதைவிடச் சிலிண்டர் சீக்கிரம் தீரும்.

இட்லி மாவுதான் புதிதாக வருகிறவர்களை அழவைக்கிறது. ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் கரைத்தபடியே இருக்கும். கலக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கையால் நன்றாக அடித்துக் கலக்குங்கள். உளுந்தையும் வெந்தயத்தையும் கொஞ்சம் கூட்டலாம். பிறகு மாவுப் பாத்திரத்தை ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு கொதிநீரை மூடி வைத்து, பெட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள். படுக்கப் போகும்போது ஒருமுறை சொம்புத் தண்ணீரை மாற்றினால் பன்னிரண்டு, பதினாலு மணி நேரத்தில் பொங்கிவிடும். பெட்டி இல்லாமல் மேடையில் வைத்தால் ஒரு பகலும் ஒரு ராவும் ஆகும், புளிப்பும் சரியாக வராது. தயிருக்கும் இதே பெட்டிதான். தேங்காயெண்ணெய் வருஷம் முழுக்கக் கட்டிதான், அகன்ற வாய் டப்பாவில் வாங்கி வையுங்கள்.

காய்கறியில் ஒரு வேடிக்கை. கேத்தி, பாலாடா பக்கம் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, அங்கே விலை பேசி, வேறு ஊர்களுக்குப் போகின்றன. விளைகிற ஊர் என்பதற்காக விலை பாதியாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் காலையில் பறித்த கேரட்டின் ருசி வேறு, அதை மறுக்க முடியாது. அரிசி, தேங்காய், மீன், வாழையிலை எல்லாம் கீழிருந்து ஏற வேண்டியவை. மழையில் குன்னூர் ரோட்டில் மரம் விழுந்தால் மறுநாள் மார்க்கெட்டில் தெரியும். டீத்தூள் விஷயத்தில் குறையே இல்லை. சிறு விவசாயிகளின் கூட்டுறவான இன்ட்கோ டஸ்ட் வீட்டு டீக்குப் போதும். ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்கினால் அன்றன்றைக்கே தின்று தீருங்கள், இந்த ஈரத்தில் மறுநாளே நமுத்துவிடும்.

பஸ் பரவாயில்லை. நகரத்துக்குள்ளும் பக்கத்து ஊர்களுக்கும் அரசு பஸ்ஸும் மினி பஸ்ஸும் ஓடுகின்றன. மகளிர் இலவசப் பயணத்தை 2024-25 பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கும் நீட்டித்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் திண்டாட்டம். கிராமத்துப் பக்கம் கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோ சொன்னதுதான் கட்டணம். மலை ரயில் குடியிருப்பவர்களுக்குப் போக்குவரத்து இல்லை, விருந்தாளிகளை ஏற்றிவிடுவதற்கு. சொந்த வண்டி வைத்திருந்தால் இறக்கத்தில் இரண்டாவது கியர், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது என்கிற பாடம் முதல் நாளே வேண்டும். தலைகுந்தாவிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி கவிழ்வதற்குப் பெரும்பாலும் சூடேறிய பிரேக்தான் காரணம்.

ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊர் நம்முடையது இல்லை. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன் நுழைவு அனுமதி, வந்தது. 2025 சீசனில் நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். நீலகிரியின் டி.என். 43 பதிவெண்ணுக்கு இ-பாஸ் தேவையில்லை. வேறு பதிவெண் வைத்திருப்பவர்கள் குடிவந்ததும் ஆர்.சி. புத்தகத்தில் முகவரியை மாற்றி வைப்பது பின்னால் சோதனைச் சாவடியில் வாதாடுவதை மிச்சப்படுத்தும். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலையும் பிடுங்குவார்கள். அந்த விதி உள்ளூர்க்காரருக்கும் சேர்த்துத்தான். மலர்க் கண்காட்சி வாரத்தில் மளிகை, காஸ், பெட்ரோல் மூன்றையும் முன்கூட்டியே முடித்துக்கொண்டு, சேரிங்கிராஸ் பக்கம் தலைகாட்டாமல் இருப்பவர்களே புத்திசாலிகள்.

ஆஸ்பத்திரி முன்னைக்கு இப்போது மேல். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த 700 படுக்கை அரசு மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தது. அவசரத்தில் மேல்சிகிச்சைக்குக் கோயம்புத்தூர்தான் என்றால் கணக்கு இதுதான்: 86 கிலோமீட்டர், ஆம்புலன்ஸ் ஆனாலும் இரண்டரை, மூன்று மணி நேரம், மழையில் ரோடு திறந்திருந்தால். ஆஸ்துமா, மூட்டுவாதம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிபெயர வேண்டாம். நல்ல உடம்புக்காரருக்கும் முதல் இரண்டு வாரம் மேடேறினால் மூச்சு வாங்கும், பிறகு பழகிவிடும்.

வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு நகரத்துக்குள் பைபர் நெட் கிடைக்கிறது. ஆனால் ஆகஸ்ட் காற்றில் கற்பூர மரமும் சீகை (வாட்டில்) மரமும் லைன் மேல் சாயும். அப்போது கரன்ட் இரண்டு மணி நேரத்திலும் வரலாம், மறுநாளும் வரலாம். இன்வெர்ட்டரோடு இன்னொரு கம்பெனி சிம்மும் இருக்கட்டும். இங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் என்று வருவது சரிவராது. அரசு வேலை, பள்ளிக்கூடம், ஓட்டல், எஸ்டேட், இதற்கு வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை.

குப்பையை ராத்திரி வாசலில் வைக்காதீர்கள். கரடிக்கு எண்ணெய் வாசனை எட்டினால் கதவையே பெயர்க்கும். காட்டெருமை ரோட்டில் நின்றால் ஹாரன் அடிக்காமல், அதுவாக நகரும்வரை தள்ளியே நிற்க வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் இருட்டியதும் உள்ளே கட்டுங்கள், சிறுத்தை வரும்.

ஊட்டியின் ஜூலை ஒத்துவராது என்று தோன்றினால் தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே பாருங்கள். தென்மேற்குப் பருவமழையை அந்த மலை மறைத்துவிடுவதால் குன்னூரும் கோத்தகிரியும் அந்த மாதங்களில் ஊட்டியைவிடக் காய்ந்தே இருக்கும். அவற்றின் மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மண்சரிவுப் பயமும் அப்போதுதான். குன்னூர் ஏறத்தாழ நானூறு மீட்டர் தாழ்வு, இரண்டு மூன்று டிகிரி இதம், மேட்டுப்பாளையமும் கிட்டே. படி மட்டும் அங்கேயும் உண்டு, சொல்லப்போனால் கூடுதல்.

சாமான் ஏற்ற பிப்ரவரி கடைசி, மார்ச் சரியான சமயம். உறைபனி விட்டிருக்கும், சீசன் தொடங்கியிருக்காது, ரோடு காலி. பெரிய லாரி பிடிக்காதீர்கள், பல தெருக்களுக்குள் திரும்பாது. மெத்தை, புத்தகம், துணி மூன்றையும் தார்ப்பாய்க்குள் கட்டுங்கள். பீரோவைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள், இறக்குகிறவர்கள் ஒட்டித்தான் வைப்பார்கள்.